நெஞ்சைத் தடவிய கை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர்கள் எறும்பு குறுக்கே போனாலும் அதை மிதித்துவிடுவார்கள். அக்கா மிதிக்கவே மாட்டார் என்பதால் கிண்டலாக வந்த பெயர் அது. எதிரே லாரி வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "ஓட்டு, ஓட்டு. அவனுக்கும் உயிர் மேல ஆசை இருக்கு" என்பார். ஸ்டியரிங்கைத் தொட்டாலே வேர்த்துக் கொட்டுகிறவர்களை எல்லாம் அவர் சாலையில் விட்டிருக்கிறார். "உனக்கு இருக்கிறது பயம். முடியாமப் போறது வேற, பயம் வேற" என்று சொல்லிச் சொல்லியே ஓட்ட வைத்துவிடுவார்.

அவர் கணவர் கண்ணாடிக்காரர். ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது தொழில். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஆள். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அக்காவே பேசிவிடுவார். யாராவது கண்ணாடிக்காரரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "அவருக்கென்ன, நல்லா இருக்காரு" என்று பதில் பக்கத்திலிருந்து வரும். அவரும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். குழந்தைகள் இல்லை. வீட்டில் இரண்டே பேர், ஒருவரின் குரல் மட்டும்.

கண்ணாடிக்காரரின் அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தார். கணவர் போன பிறகு வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுத்துப் பிழைப்பவர். அவருக்கு ஒரு பழக்கம், எதைச் சொல்ல வந்தாலும் "நான் ஒண்ணும் சொல்லல" என்று ஆரம்பிப்பார். "நான் ஒண்ணும் சொல்லல, குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு." நாத்தனார் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததுமே பிரேக் அக்காவுக்குக் காது மூடிக்கொள்ளும்.

ஒரு நாள் காலை, மருந்துக்கடை ஒன்றின் முகப்பை அளந்துகொண்டிருந்த கண்ணாடிக்காரரின் கையிலிருந்து அளவு நாடா நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரின் வலது கை வரவில்லை. கடைக்காரர் என்ன என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எந்த மொழியிலும் சேராததாக இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கடைக்காரர் போன் செய்தபோது அக்கா நடுச்சாலையில், ஒரு கல்லூரி ஆசிரியைக்கு வண்டி திருப்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆசிரியையைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவரையும் வைத்துக்கொண்டே பறந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கவில்லை. கணவரை அள்ளிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த ஆசிரியை அதன் பிறகு கார் பக்கமே போகவில்லை என்பது வேறு கதை.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. நேரத்தோடு வந்ததால் அதைக் கரைக்கும் ஊசியைப் போட முடிந்தது. "நீங்க மட்டும் தாமதம் பண்ணியிருந்தா நிலைமையே வேற" என்றார் நரம்பு டாக்டர். அந்தப் பாராட்டை அக்கா தாலாட்டு மாதிரி திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டார். பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். "உன்னாலதான் பொழைச்சாரு."

அதே டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "ரத்தப் பரிசோதனையில இதயத்துக்கும் கொஞ்சம் பாதிப்பு இருக்கிற மாதிரி காட்டுது. மூளையில அடைப்பு வந்தவங்களுக்கு முதல் சில நாள்ல இதயத்துலயும் சிக்கல் வரலாம். அவரால வாய் விட்டுச் சொல்ல முடியாது. மூச்சு வாங்குற மாதிரியோ, நெஞ்சுல என்னமோ பண்ணுற மாதிரியோ தெரிஞ்சா உடனே எங்ககிட்ட சொல்லுங்க."

அக்கா தலையாட்டினார். காதில் விழவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட அவருக்கு வழியில்லை. நன்றாகவே விழுந்தது. டாக்டர் என்றால் நாலு விதமாகப் பயமுறுத்தத்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டார். இதயத்துக்கு என்ன வந்தது? அடைப்பு மூளையில்தானே!

முதல் இரண்டு நாளும் கண்ணாடிக்காரரை ஒயர்கள் மாட்டி, திரையில் கோடு ஓடுவதைப் பார்த்தபடி வைத்திருந்தார்கள். பிறகு பொது வார்டுக்கு மாற்றினார்கள். வலது கால் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. 'ஆமா', 'இல்ல' என்பதற்குத் தலையாட்டுவதுகூடக் குழம்பியது. தண்ணீர் வேண்டுமா என்றால் இல்லை என்று ஆட்டிவிட்டு டம்ளரைப் பிடுங்குவார்.

உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்து அவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்துப் பார்த்தாள். "கொஞ்ச நேரம் உக்காரட்டும். களைப்பா இருந்தா படுக்க வெச்சிருங்க. நிக்க வெக்கிறதெல்லாம் நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் அக்கா தன் தொழிலை ஆரம்பித்துவிட்டார். "ம், நிமிருங்க. இன்னும் கொஞ்சம். பயப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்." அவர் சரிந்து படுக்கப் பார்த்தால் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "படுத்தே கிடந்தா படுக்கை உங்களை விடாது."

அன்று பிற்பகல், பார்வையாளர் நேரத்தில் நாத்தனார் வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் இடது கையைத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்தார். தடவினார். மறுபடி தடவினார். கண்கள் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் ஒண்ணும் சொல்லல" என்று ஆரம்பித்தார் நாத்தனார். "நெஞ்சத் தடவிக்கிட்டே இருக்கானே. என்னன்னு கேளேன்."

"பென்சிலத் தேடுறாரு அண்ணி" என்றார் அக்கா.

கண்ணாடிக்காரர் எந்த நேரமும் சட்டைப் பையில் ஒரு தட்டைப் பென்சில் வைத்திருப்பார். யோசனை வந்தால் கை தானாக அங்கே போகும். அக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"இல்லம்மா, முகம் கூட ஒரு மாதிரி..."

"அண்ணி, அவரோட குடித்தனம் பண்றது நானு. எனக்குத் தெரியாதா அவரு எதுக்கு எங்க கைய வெப்பாருன்னு?"

நாத்தனார் வாயை மூடிக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சற்று நேரத்தில் சுற்றுக்கு வந்த நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள். நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஐயா, மூச்சு வாங்குதா? நெஞ்சுல எதாவது பண்ணுதா?"

கண்ணாடிக்காரரின் உதடுகள் அசைந்தன. அவர் சொல்ல வந்ததைத் தேடிப் பிடிப்பதற்குள் பதில் பக்கத்திலிருந்து வந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். பயிற்சி பண்ணச் சொன்னா இப்படித்தான் முகத்தச் சுளிப்பாரு. பிடிவாதம்."

நர்ஸ் சிரித்தாள். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

மறுநாள் காலை அக்கா அவருடைய வேலைச் சட்டையையும் அதே பென்சிலையும் வீட்டிலிருந்து கொண்டு வந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்து இடது கையில் பென்சிலை வைத்தார். அவர் அதைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பென்சிலை வீசி எறிந்தார். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"கை கால் விழுந்தும் கோபம் மட்டும் விழல பாருங்க" என்றார் அக்கா. "எந்திரிங்க. இன்னிக்கு நின்னு பாத்துரலாம்."

அவரை அணைத்துத் தூக்கி நிறுத்தினார். ஒரு கணம் நின்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாய் அரும்பியது. பயத்தில் வேர்க்கிறது என்றுதான் அக்கா நினைத்தார். எத்தனை பேருக்கு வேர்த்துப் பார்த்தவர்! பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. பானையின் அடியில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி அவர் மார்புக்குள்ளிருந்து ஒரு களகளப்பு. உதடு நீலம் பாரித்தது. அக்காவின் தோளில் அப்படியே சாய்ந்தார்.

அக்கா கத்திய கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. ஓடி வந்தார்கள். திரையை இழுத்தார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். தரையில் ஒரு செருப்பும் நசுங்கிய டம்ளரும் மட்டும் கிடந்தன.

இதய டாக்டர் இளம்பெண். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே இருந்த சின்ன அறைக்கு அக்காவைக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். கணினியில் கறுப்பும் வெள்ளையுமாக இதயம் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

"இதுதான் அவரோட இதயம். மேல் பக்கம் நல்லா சுருங்குது, பாருங்க. கீழ்ப்பக்கம் சுருங்கவே இல்ல. கழுத்து குறுகி, அடி உப்பின குடம் மாதிரி ஆயிருச்சு. அதான் ரத்தத்தை வெளிய தள்ள முடியாம நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு."

"மாரடைப்பா டாக்டர்?"

"இல்ல. குழாய்ல அடைப்பு எதுவும் இல்ல. இதயத்த நடத்துறதுல மூளைக்கும் பங்கு இருக்கு. மூளையில அதுக்கான இடத்துல அடி விழுந்தா, உடம்புல சில சுரப்பு வெள்ளமாப் பாயும். அந்த வேகத்த இதயத் தசை தாங்காது. மரத்துப்போன மாதிரி நின்னுரும்."

அக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அவரைத் தூக்கி நிறுத்திய கைகள்.

"நான் நிக்க வெச்சேன். திட்டினேன். அதனாலயா?"

"இல்லம்மா. அவர நீங்க இங்க கொண்டு வந்த அன்னிக்கே இது தொடங்கியிருக்கும். நிக்க வெச்சது கஷ்டத்தக் கூட்டியிருக்கலாம். ஆனா நோய் அதுனால வந்தது இல்ல."

அத்துடன் எழுந்து போயிருந்தால் அக்காவின் மனம் ஒருவேளை ஆறியிருக்கும். ஆனால் கேட்டார். "நேத்து நெஞ்சத் தடவினாரு. அப்பவே சொல்லியிருந்தா?"

டாக்டருக்குப் பொய் சொல்லத் தெரியாத முகம். "அப்பவே மருந்து ஆரம்பிச்சிருப்போம். இவ்வளவு தூரம் வந்திருக்காம இருக்கலாம்" என்றார். பிறகு அவசரமாக, "எங்க பக்கமும் யோசிக்கணும். பேச வராதவர இன்னும் கவனமாப் பாத்திருக்கணும்" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது வாக்கியம் அக்காவுக்கு எட்டவே இல்லை.

அடுத்து வந்த நாட்கள் நெருப்பின் மேல் நடந்த நாட்கள். சுருங்காத இதயத்தில் ரத்தம் தேங்கி உறைந்தால் இன்னொரு கட்டி கிளம்பி மறுபடி மூளைக்குப் போகலாம் என்றார்கள். உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால் மூளையில் கசியலாம் என்றார்கள். நடுவில் ஒரு கம்பி மேல் அவர்கள் மருந்தைக் கூட்டியும் குறைத்தும் நடந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்கா நின்றார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் வழக்கம்போல, "உன்னாலதான் பொழைச்சாரு" என்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாத்தனார் தினமும் வந்தார். அந்தப் பிற்பகலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். வெந்நீர் பிளாஸ்க்கை நீட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். "நான் ஒண்ணும் சொல்லல" என்பதைக்கூட அவர் சொல்வதில்லை இப்போது. உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடிக்காரர் பிழைத்தார். நுரையீரலில் நீர் வடிந்தது. மூச்சு சீரானது. கை நிறைய மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பயிற்சியை மெதுவாகத் தொடர வேண்டும், மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும், ஆனால் விட்டுவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அக்கா விட்டுவிட்டார். அவரை எழுப்பிவிடவே துணியவில்லை. தட்டை மடியில் வைத்து ஊட்டினார். ஜன்னல் வரை நடக்க அவர் எழுந்தால், "வேணாங்க, வேணாங்க, இதயம்" என்று ஓடி வந்து படுக்க வைத்தார். அவர் தும்மினால் நாடி பார்த்தார். நெஞ்சின் பக்கம் கை போய்விட்டால் போதும், டாக்டருக்குப் போன். ஒரு முறை கொசு கடித்ததைச் சொறிந்ததற்கே ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது.

வேலையிலும் அப்படியே. மறுபடி காரில் ஏறியவர் பத்தடிக்கு ஒரு தரம் தன் காலடியிலிருந்த பிரேக்கை மிதித்தார். கற்றுக்கொள்ள வந்த பேக்கரிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களே ஓட்டுங்க. நான் பாத்துக் கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சிப் பெண் வீட்டுக்கு வந்து கண்ணாடிக்காரரின் வலது கையை விரித்துப் பார்த்தாள். விரல்கள் பிரியவில்லை. "தினமும் பண்றீங்களா?" என்று கேட்டாள். "கை இறுகிக்கிட்டு வருது. இப்படியே விட்டா அப்புறம் என்ன பண்ணாலும் வராது" என்றாள் அவள், கொஞ்சம் கோபமாகவே.

அவள் போனதும் அக்கா செருப்பைக்கூடப் போடாமல் பக்கத்துத் தெருவுக்கு நடந்தார். நாத்தனார் தையல் மெஷினில் இருந்தார். தரை முழுக்க யார் வீட்டுக்கோ போக வேண்டிய பச்சைத் திரைச்சீலை விரிந்து கிடந்தது. உட்கார இடமில்லாமல் அக்கா கதவோரம் நின்றார்.

"அண்ணி, அன்னிக்கு நீங்க சொன்னத நான் கேட்டிருக்கணும்."

மெஷின் நின்றது.

"நர்ஸ் அவர்கிட்டதான் கேட்டா. நான் முந்திக்கிட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னேன். பிடிவாதம்னு வேற சொன்னேன். நீங்க கிளம்பினதுக்கப்புறம் நடந்தது, உங்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது." அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். "அவரக் கொல்லப் பாத்தவ நான். இப்ப அவரத் தொடவே பயமா இருக்கு. தொடாம விட்டதுல கையும் போகப்போகுது."

நாத்தனார் நெடுநேரம் துணியின் மடிப்பையே நீவிக்கொண்டிருந்தார்.

"நானும் வராந்தாவுல அதே நர்ஸத் தாண்டித்தான் போனேன்" என்றார் கடைசியில். "சொல்லலாமான்னு நின்னேன். உனக்குத் தெரிஞ்சா, என்னை மீறிப் போய்ச் சொல்லிட்டாளேன்னு சண்டைக்கு வருவியேன்னு வாய மூடிக்கிட்டுப் போயிட்டேன். கூடப் பொறந்தவன் உயிரை விட உன்னோட சண்டை எனக்குப் பெரிசாத் தெரிஞ்சுது. அதச் சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல. நீ என்னமோ நான் உன்னைக் குத்தம் சொல்லாம இருக்கேன்னு நினைச்சிட்டிருக்க."

நாத்தனார் திரைச்சீலையைச் சுருட்டி ஓரமாகத் தள்ளி இடம் பண்ணிக்கொடுத்தார். அக்கா உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து நாத்தனார் காலையில் வந்து தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீவிவிட்டார். திரைச்சீலையில் சுருக்கம் எடுத்த கை அது, பொறுமை இருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை மட்டும் கவனித்தார். பிறகு நடக்க வைப்பதை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு முறைகூட 'பயப்படாதீங்க' என்று சொல்லவில்லை. "நிக்கலாமா? போதுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நின்றார். கண்ணாடிக்காரருக்கு ஒரு சொல்லைப் பிடிக்க நெடுநேரமாகும். அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது அக்காவுக்கு உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டிய வேலையாக இருந்தது.

மறுபரிசோதனைக்குப் போனபோது இதய டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். கீழ்ப்பக்கமும் சுருங்கத் தொடங்கியிருந்தது. முன்னைப்போல் முழுதாக இல்லை, ஆனாலும் போதுமான அளவு. "இந்த வகையில நிறைய பேருக்குத் தேறிரும்" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டே நன்றி சொன்னார்.

கணவரிடம் சொல்லும் தைரியம் வர இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவருக்கு முகம் மழித்துவிட்டு, சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தானாக வாயில் வந்துவிட்டது. நர்ஸ் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்ததையும், எதையும் குறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்துத் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

கண்ணாடிக்காரர் அவரைப் பார்த்தார். உதடுகள் எதையோ தேடின. அக்கா காத்திருந்தார்.

"தெரியும்" என்றார் அவர்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. நெஞ்சைத் தடவியவர் அவர்தான். நர்ஸ் கேட்டபோது கட்டிலில் இருந்தவரும் அவர்தான். இத்தனை நாளும் தான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்த ரகசியம் முதல் நாளிலிருந்தே அவரிடம் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் தினமும் அவர் அக்காவின் கையால் சாப்பிட்டிருக்கிறார், அக்காவின் தோளைப் பிடித்து நடந்திருக்கிறார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் மறுபடி எதையோ தேடினார். இந்த முறை இன்னும் அதிக நேரம். மன்னிப்போ, திட்டோ, எது வந்தாலும் வாங்கிக்கொள்ள அக்கா தயாராக இருந்தார்.

"பசி... க்குது" என்றார்.

அக்கா எழுந்து போய்ச் சோறு போட்டார். அவர் மன்னித்தாரா என்று அதன் பிறகு அக்கா கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தைவிட, அந்தச் சுமையையும் அவர் வாயில் ஏற்றக் கூடாது என்று பட்டது. இப்போது கண்ணாடிக்காரர் பிற்பகலில் கண்ணாடிக் கடைக்குப் போகிறார். வெட்டுவதில்லை, வெட்டுகிறவர்களுக்கு அளவு சரியா என்று பார்த்துச் சொல்கிறார். தெருவில் யாராவது அவரை நிறுத்தி எப்படி இருக்கீங்க என்று கேட்டால், அக்கா நாலடி முன்னால் போய், எதிர்க்கடைப் பொருட்களைப் பார்ப்பதுபோல் நின்றுகொள்கிறார். அவர் பதில் சொல்லி முடிக்க நேரமாகும்.